ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு ஒரு தீப்பெட்டி டாக்டர்: ப்ளூடூத் ஸ்கேனர், எட்டு மாத அனுபவம்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு 16 முள் சாக்கெட் இருக்குமே, அதில் செருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும் தீப்பெட்டி அளவு ப்ளூடூத் ஸ்கேனரைப் பற்றிய விமர்சனம் இது. எட்டு மாதமாகக் கையில் இருக்கிறது. நல்லதும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. ஆனால் இதை எதற்கு வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எஞ்சின் லைட் எரிந்ததும் கோட் (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்) பார்க்க மட்டும் வாங்குகிறவர்களுக்கு எந்தக் கடை ஸ்கேனரும் போதும். கியர்பாக்ஸ், கப்ளிங், பின் டிஃபரன்ஷியல் (வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) என்று நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற வண்டியை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்குத்தான் இது.

என் வண்டி முன்பக்கம் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் ரகம். 6 கியர் ஆட்டோமேட்டிக், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ளது. சாதாரணமாக முன் சக்கரம்தான் இழுக்கும், தேவைப்பட்டால் ஒரு மின்காந்த கப்ளிங் பிடித்து பின் சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். 1,10,000 கி.மீ. தாண்டியதும் மூன்று தொந்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 60-லிருந்து 70 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டபடி போனால் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம், இரண்டு மூன்று நொடி இருந்துவிட்டுப் போய்விடும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் யாரோ பிரேக்கில் கால் வைத்ததுபோல் வண்டி திணறும், பின்பக்கம் ‘கடக்’ என்று ஒரு சத்தம். 80-ஐத் தொட்டால் தரையிலிருந்து ஒரு அதிர்வு, சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பில் தெரியும். மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அதுதான் முதல் தப்பு.

முதலில் போன வொர்க்ஷாப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய ஸ்கேனிங் மெஷின் எல்லாம் வைத்திருந்தார்கள். செருகினார்கள், பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, பி0700, பி0741 என்று இரண்டு கோட் வந்தது. “கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், கூடவே கப்ளிங்கும் மாத்திடலாம், எப்படியும் அதுவும் போயிருக்கும்” என்றார்கள். வண்டியை ஒருவர்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. எந்த வேகத்தில் வருகிறது, சூடானபிறகா, குளிரிலா, நேராகப் போகும்போதா, திருப்பும்போதா, ஒரு கேள்வி கிடையாது. அதைவிட, உதவியாளர் ஒருவர் முன் சக்கரம் இரண்டை மட்டும் ஜாக்கியில் தூக்கி டிரைவில் போட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினார். நான் பதறிப்போய்த் தடுத்தேன். முன் சக்கரம் காற்றில் சுற்றுவதை வழுக்கல் என்று நினைத்து கப்ளிங் பிடித்துவிட்டால், தரையில் இருக்கும் பின் சக்கரம் வண்டியைத் தள்ளி ஜாக்கியிலிருந்து இறக்கிவிடும். இரண்டு சக்கரத்தைத் தரையில் விட்டு கட்டி இழுக்கவும் கூடாது என்று இந்த ரக வண்டிகளின் மேனுவலில் போட்டிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு கோடையும் படித்துப் பார்த்தேன். பி0700 என்பது நோயின் பெயரே இல்லை. ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்’ என்று எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லும் தகவல், அவ்வளவுதான். பி0741 கொஞ்சம் குறிப்பானது: டார்க் கன்வெர்ட்டருக்குள் இரண்டு பக்கத்தையும் நழுவாமல் பூட்ட இருக்கும் லாக்-அப் கிளட்ச் பிடிக்கச் சொன்னபோது சரியாகப் பிடிக்கவில்லை. அதற்கு கிளட்ச் தேய்ந்திருக்கலாம், சாலினாய்டு (மின்சார வால்வு) ஒட்டியிருக்கலாம், வால்வு பாடி (ஆயில் வழிகள் உள்ள கட்டை) தேய்ந்திருக்கலாம், வெறும் ஆயில் கெட்டுப்போயிருக்கலாம். கப்ளிங்கைப் பற்றி அந்தக் கோடில் ஒரு வார்த்தை இல்லை. சரி, இவ்வளவு பெரிய முடிவை இரண்டு கோடை நம்பி எடுக்கக் கூடாது என்றுதான் ஸ்கேனர் வாங்கினேன்.

இப்போது பொருளுக்கு வருவோம்.

நான் முதலில் வாங்கியது ரொம்ப மலிவான, நீல நிற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வாங்கியது தான் இது. இந்த ஸ்கேனர்களில் பெரும்பாலானவை ஈ.எல்.எம்.327 என்ற சிப்பின் நகல்கள். அசல் சிப்பைச் செய்தது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ். முதல் பதிப்பில் பூட்டு எதுவும் போடாமல் விட்டதால் உலகமே நகல் எடுத்துவிட்டது. பெட்டியில் ‘1.5 பதிப்பு’ என்று பெருமையாக அச்சடித்திருப்பார்கள், அப்படி ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. நகல் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், கோட் படிக்க, அழிக்க எல்லாம் செய்யும். ஆனால் கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ். போன்ற மற்ற கம்ப்யூட்டர்களிடம் பேசும்போது பதில் நீளமாக வரும், அங்கே மலிவான நகல்கள் பாதி பதிலை விழுங்கிவிட்டு ‘தகவல் இல்லை’ என்று கைவிரிக்கும். எனக்கு அதுதான் நடந்தது. நாலு நாள் வண்டியில்தான் சென்சார் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாக வந்த இதில் அந்தப் பிரச்சினை இல்லை. இணைப்பு ஒரே தடவையில் பிடிக்கிறது, வண்டி அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும் தானே தூங்கிவிடுகிறது. தூங்கும் வசதி இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். சாக்கெட்டின் 16-ஆம் முள்ளில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும், சாவியை எடுத்தாலும் இருக்கும். நீலப் பெட்டியைச் செருகியபடியே ஒரு வாரம் விட்டுவிட்டு வந்து பார்த்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

பெட்டியைவிட முக்கியம் ஆப். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. இந்த சாக்கெட்டும் அதன் பொது மொழியும் சேர்ந்த ஓ.பி.டி. என்ற ஏற்பாடே புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களிலும், 2001 முதல் ஐரோப்பாவில் விற்கும் பெட்ரோல் கார்களிலும் கட்டாயமானது. புகை சம்பந்தப்பட்ட தகவல்தான் எல்லா வண்டியிலும் ஒரே மொழியில் கிடைக்கும்: எஞ்சின் சுற்று, வேகம், கூலன்ட் சூடு, இப்படி. கியர்பாக்ஸ் ஆயில் சூடு, டர்பைன் சுற்று (கன்வெர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் பக்கத்தின் சுற்று), லாக்-அப் கட்டளை, நான்கு சக்கரத்தின் தனித்தனி வேகம், கப்ளிங்குக்குப் போகும் கட்டளை, இதெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் பாஷையில் வைத்திருக்கிறது. ஃபோர்டு, மாஸ்டா வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற ஆப் இருக்கிறது, ஃபோக்ஸ்வேகன், ஆடி, ஸ்கோடா என்றால் வி.சி.டி.எஸ். (அதற்கு அதனுடைய கேபிளே வேண்டும், இந்தப் பெட்டி உதவாது). என் வண்டிக்குப் பொதுவான ஒரு ஆப்பில் கூடுதல் தகவல் தொகுப்பைத் தனியாக வாங்கி ஏற்றினேன். அதை ஏற்றும் வரை இந்த ஸ்கேனர் எனக்கு அலங்காரப் பொருள்தான். ஆகவே வாங்குமுன் உங்கள் வண்டி மாடலுக்கு டிரான்ஸ்மிஷன் தகவல் கிடைக்குமா என்று ஆப் பக்கத்தில் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியைத் தேடுங்கள்.

முதல் வேலை அந்த நடுக்கம். ஆரம்பத்தில் ஆசையில் பன்னிரண்டு தகவலைத் திரையில் வைத்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதால் எண்கள் இரண்டு நொடிக்கு ஒரு தடவைதான் மாறின, நடுக்கம் வந்து போனதே பதிவாகவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூன்றை மட்டும் வைத்தேன்: எஞ்சின் சுற்று, டர்பைன் சுற்று, லாக்-அப் கட்டளை. இப்போது வரைபடம் உயிரோடு ஓடியது. (ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள். நான் ஓட்ட, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து படித்தான், பதிவும் செய்தான்.)

எஞ்சின் சுற்றிலிருந்து டர்பைன் சுற்றைக் கழித்தால் கன்வெர்ட்டருக்குள் எவ்வளவு நழுவுகிறது என்று தெரியும். லாக்-அப் முழுசாகப் பிடித்துவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக ஓட வேண்டும். எனக்கு 65 வேகத்தில் லாக்-அப் கட்டளை ஏறியது, எஞ்சின் 1650, டர்பைன் 1640. அப்புறம் நடுக்கம் ஆரம்பித்ததும் தம்பி வாசித்த இடைவெளி இப்படிப் போனது: “பத்து, எழுபது, இருபது, தொண்ணூறு, முப்பது...” பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. அதே நேரம் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், பிரேக் பிடிக்காமல், லேசாகத் தொட்டேன். எஞ்சின் சுற்று 200 மாதிரி ஏறியது, நடுக்கம் கத்தி வைத்து வெட்டியதுபோல் நின்றது. காலை எடுத்ததும் சில நொடியில் திரும்பி வந்தது. பிரேக் சுவிட்ச் தொட்டதும் லாக்-அப்பை விடுவித்துவிடுவது இந்த கியர்பாக்ஸ்களின் வழக்கம், அதனால் இது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. ஸ்கேனர் இல்லாமலும் செய்யலாம். நடுக்கம் லாக்-அப் கிளட்சில்தான் என்பதும், ஆல் வீல் டிரைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதும் அந்த ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

இரண்டாவது, பார்க்கிங் திணறல். இங்கே ஒரு விஷயம், ஜீப் ரக வண்டிகளில் லீவர் போட்டு 4எச்-சுக்கு (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) மாற்றும் பார்ட் டைம் ஏற்பாடு இருக்கும். அதில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் 4எச்-சில் போட்டுக்கொண்டு வளைத்தால் திணறத்தான் செய்யும், அது கோளாறு இல்லை, 2எச்-சுக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன, அந்த வித்தியாசத்தை எங்காவது விட்டுக்கொடுக்க வேண்டும். என்னுடையது மாதிரி வண்டியில் விட்டுக்கொடுக்க வேண்டியது கப்ளிங். அது விட மறுத்தால் திணறல்.

மறுக்கிறதா, அல்லது பிடி என்று யாராவது கட்டளை போடுகிறார்களா? இந்தக் கேள்விக்குத்தான் ஸ்கேனர் தன் காசுக்கு வேலை செய்தது. சமதளத்தில், நேர் ரோட்டில், நிதானமாக 60-ல் போகும்போது கப்ளிங் கட்டளை கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு 20-லிருந்து 25 சதவீதம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, ஆள் இல்லாத காய்ந்த மைதானத்தில் கப்ளிங் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்து வட்டம் போட்டேன் (எச்சரிக்கை விளக்கு எரியும், கோட் பதியும், எதிர்பார்த்ததுதான்). திணறல் இல்லை. கனெக்டரை எடுத்தும் திணறியிருந்தால் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம், கப்ளிங்கை இறக்கியே ஆக வேண்டும். எனக்கு அப்படி இல்லை, கம்ப்யூட்டர்தான் பிடி பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஏன் சொன்னது? ஏ.பி.எஸ். பக்கத்தைத் திறந்து நான்கு சக்கர வேகத்தையும் வரிசையாக வைத்தோம். தம்பி வாசித்தான்: “முன்னாடி எண்பது, எண்பது, பின்னாடி எண்பத்தொண்ணு, எண்பத்தொண்ணு.” நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு கிலோமீட்டர் தானே, சென்சார் அப்படித்தான் காட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது. நேர் ரோட்டில் பின் சக்கரம் எப்போதும் ஒரு சதவீதம் அதிகம் சுற்றுகிறது என்றால் பின் சக்கரம் சின்னது.

தையல் டேப் எடுத்துக்கொண்டு கீழே போனேன். நான்கு டயரிலும் காற்றைச் சமமாக வைத்துவிட்டு, டயரின் நடுவில் சுற்றி அளந்தேன். முன் டயர் 2112 மி.மீ., பின் டயர் 2086. வித்தியாசம் 26. அதற்குச் சில மாதங்கள் முன்பு முன் டயர் ஒன்று கிழிந்து, முன்பக்கம் இரண்டையும் புதுசாக மாற்றினேன், பின்பக்கம் பழசையே விட்டுவிட்டேன். ஆழம் 4 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு சுமார் 25 மி.மீ. குறையும், பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஒரு கிலோமீட்டருக்குப் பின் சக்கரம் ஆறு சுற்று அதிகம் போடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஆறாயிரம். சுபாரு தன் வண்டிகளில் நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது 6.4 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. என் வண்டி சுபாரு இல்லை, ஆனாலும் அந்த அளவுகோலில் நான் நாலு மடங்கு வெளியே. பாவம் அந்தக் கம்ப்யூட்டர், ஏதோ சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் கப்ளிங்கை அரைகுறையாகப் பிடித்து, ஆயிலைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. டயர் கடையில் என்னிடம் யாரும் எச்சரிக்கவில்லை என்று குறை சொல்லலாம்தான், நானும் கேட்கவில்லை.

இந்தக் கோளாறுக்கு என் வண்டியில் கோட் எதுவும் விழவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த மெஷினும் ‘டயர் சரியில்லை’ என்று சொல்லவில்லை. ஓடும் எண்ணைப் பார்த்தால்தான் தெரிகிறது.

பின் டயர் இரண்டையும் மாற்றினேன், கப்ளிங் ஆயிலையும் மாற்றினேன். வடித்த ஆயில் கரும்பச்சையாக, காரமான நெடியோடு வந்தது. திணறல் முதல் நாளே பாதியாகி, ஒரு வாரத்தில் போய்விட்டது. கட்டளை இப்போது நேர் ரோட்டில் 2, 3 சதவீதத்தில் நிற்கிறது. (பம்பின் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் ஹால்டெக்ஸ் ரகக் கப்ளிங் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை வரும், பின் சக்கரம் பிடிக்கவே பிடிக்காது. ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் மாற்றக்கூடிய ஃபில்டர் கிடையாது, பம்ப் முனையில் ஒரு சின்ன வலை மட்டும். கிளட்ச் தூள் அதில் அடைத்துக்கொண்டால் பம்ப் திணறும். ஆயில் மாற்றும்போது பம்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.)

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு வருகிறேன். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று பல வண்டிகளின் கையேட்டில் இருக்கும். யாருடைய ஆயுள் என்று சொல்ல மாட்டார்கள். கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே தன்னுடைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. எனக்கு 1,10,000 வரை மாற்றியதே இல்லை. ஒரு தடவை வடித்தால் முழுசும் வராது, பாதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடிப்பது என்று மூன்று தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் பாதி மாறுகிறது என்று வைத்தால் மூன்றாவது முடிவில் எட்டில் ஏழு பங்கு புதுசு.

இந்த வேலையில் ஸ்கேனர் இல்லாமல் நான் தோற்றிருப்பேன். என் கியர்பாக்ஸில் அளவு குச்சி கிடையாது. எஞ்சின் ஓடும்போது, ஆயில் 40 டிகிரி பக்கத்தில் இருக்கையில், வண்டி சமமாக நிற்க, ஓவர்ஃப்ளோ போல்ட்டைக் கழற்றினால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும், அதுதான் சரியான அளவு. சூடாக இருக்கும்போது திறந்தால் ஆயில் விரிந்து நிறைய வெளியேறிவிடும், குறைவாக நிற்கும். குளிர்ந்து இருக்கும்போது திறந்து நிரப்பினால் அதிகமாகிவிடும். நான் போனை மட்கார்டில் வைத்துவிட்டு, 36, 37, 38 என்று ஏறுவதைப் பார்த்தபடி கீழே படுத்திருந்தேன். 39-ல் போல்ட்டைத் திறந்தேன், 41-க்குள் சொட்ட ஆரம்பித்தது. கோட் படிப்பது, அழிப்பது எல்லாம் விடுங்கள், வீட்டில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுகிற ஒருவருக்கு இந்த ஒரு எண்ணுக்காகவே பெட்டி தகும்.

நடுக்கம் இரண்டாவது மாற்றலுக்குப் பிறகே நன்றாகக் குறைந்தது. முழுசாகப் போனதா என்றால் இல்லை. நல்ல வெயிலில், நெரிசலில் ஊர்ந்து ஆயில் 100 டிகிரி தொட்ட நாளில், மேடு ஏறும்போது எப்போதாவது ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. கிளட்ச் பட்டையில் ஏற்கெனவே பளபளப்பு ஏறியிருக்கலாம். நாளை கன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வந்தாலும் வரும். ஆனால் அது கியர்பாக்ஸை முழுசாக ஓவர்ஹால் செய்வதும் கப்ளிங்கையும் சேர்த்து மாற்றுவதும் ஆகாது.

இப்போது ஸ்கேனர் தோற்ற இடம்: அந்த 80 வேக அதிர்வு. இதில் எந்தத் தகவலும் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது. இரும்பு தேய்வதை எந்த சென்சாரும் அளப்பதில்லை. நான் பின் டிஃபரன்ஷியல் என்று நம்பிக்கொண்டிருந்தேன், ஆயில் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் உதவியது போனில் இலவசமாகக் கிடைக்கும் அதிர்வு அளக்கும் ஆப். 80-ல் என் சக்கரம் நொடிக்கு பத்தரை தடவை சுற்றுகிறது. டயர் பேலன்ஸ் கோளாறு என்றால் பத்து, பதினோரு ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை அதிர்வு) உச்சம் வர வேண்டும். எனக்கு வந்தது 26-க்கும் 27-க்கும் நடுவில். அது என்ன எண்? நான்கு சக்கரத்தையும் ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சாக்பீஸில் கோடு போட்டு முன் சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினோம். முன்னாலிருந்து பின் டிஃபரன்ஷியலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டரை சுற்று சுற்றியது. பத்தரையை இரண்டரையால் பெருக்கினால் 26-ஐத் தாண்டுகிறது. ஷாஃப்ட்தான். ஓடும்போது நியூட்ரலில் போட்டாலும் அதிர்வு அப்படியே இருந்ததால் எஞ்சினும் கன்வெர்ட்டரும் கணக்கிலிருந்து போயின.

அதற்கு மேல் எனக்குக் கை இல்லை, இரண்டாவது வொர்க்ஷாப் போனேன். சின்ன இடம், இரண்டே பேர். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் கேள்வி கேட்டார் அந்தப் பெரியவர். என் வரைபடங்களைக் காட்டினேன், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பொறுமையாகப் பார்த்தார், “சரி, ஓட்டிப் பாப்போம் தம்பி” என்று சாவியை வாங்கினார். திரும்பி வந்து லிஃப்டில் ஏற்றி, ஷாஃப்ட்டின் நடு பேரிங்கைக் கட்டை விரலால் மேலே தள்ளினார். ரப்பர் கிழிந்து, பேரிங் கூட்டுக்குள் ஊஞ்சல் ஆடியது. மூன்று நிமிஷ வேலை. கழற்றும்போது ஷாஃப்ட்டிலும் அது மாட்டும் ஃபிளேஞ்சிலும் பெயிண்டால் புள்ளி வைத்துக்கொண்டார், அதே கோணத்தில் திரும்ப மாட்டாவிட்டால் புது அதிர்வு வந்துவிடும் என்று. கியர்பாக்ஸின் பழகிய அளவுகளை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொள்ள வைக்கும் வேலையும் அவர் மெஷினில்தான் முடிந்தது. என் பெட்டிக்கு அந்த உரிமை இல்லை. இதை ஒரு குறையாக எழுதுகிறேன், ஆனால் இந்த ரகப் பெட்டி எதிலும் என் வண்டிக்கு அது கிடைக்கவில்லை.

மற்ற குறைகள். எண்களுக்கு ஆப் வைத்திருக்கும் பெயர்கள் கண்றாவி, ‘டி.சி.சி. டூட்டி 2’ என்றால் என்ன என்று நாமே தேட வேண்டும். ஒரு தடவை ஆயில் சூடு மைனஸ் 40 காட்டியது, அது பதில் வராததன் அடையாளம், குளிர் இல்லை. அப்புறம் அந்தப் பெரிய சிவப்பு ‘கோட் அழி’ பட்டன். ஆர்வத்தில் முதல் நாளே அழுத்தினேன். கோடோடு சேர்ந்து, கோட் விழுந்த நொடியில் வேகம், சூடு, சுற்று எல்லாம் எவ்வளவு இருந்தது என்ற பதிவும் போய்விட்டது. மறுபடி அது விழ மூன்று நாள் ஓட்டினேன். முதலில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. ஆப்புக்குத் தனியாகப் போட்டால் இரண்டுதான். எஞ்சின் லைட் மட்டும் உங்கள் கவலை என்றால் இது தேவைக்கு அதிகம். ஆல் வீல் டிரைவ் வண்டி, வயசு ஏறிய ஆட்டோமேட்டிக், வொர்க்ஷாப் சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி வேண்டும் என்றால் வாங்கலாம், கூடவே ஒரு தையல் டேப்பும் சாக்பீஸும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. சாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மேல் மூடி கையோடு வந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் பலகை சாக்கெட்டிலேயே தொங்கும். என்னுடையது மூன்றாவது மாதமே அப்படி வந்துவிட்டது, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.